ஸ்பானிஷ் இறந்தகாலம்: "அப்புறம்" எது, "அப்போது" எது

ஸ்பானிஷ் படிக்கிற எல்லோரும் சில மாதங்களில் வந்து முட்டி நிற்கிற இடம் இது. "சாப்பிட்டேன்" என்று சொல்ல கொமீ என்று ஒன்று, கொமீயா என்று ஒன்று, எ கொமீதோ என்று ஒன்று, போதாததற்கு அபீயா கொமீதோ வேறு. நாலும் ஒரே வினைச்சொல், நாலும் நடந்துபோனதைத்தான் சொல்கின்றன, ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் சொல்ல வந்ததே மாறிவிடும். இதற்கு நான் சொல்லும் வழி ஒன்றுதான்: ஆங்கிலத்தை நடுவில் வைக்காதீர்கள், நேராகத் தமிழ் வழியாகப் போங்கள். ஆங்கிலத்தின் "வாஸ்" என்ற ஒரே சொல் ஸ்பானிஷில் ஏரா, ஃபுயே, எஸ்தாபா, எஸ்தூபோ என்று நாலாக உடைகிறது, அந்தப் பாதையில் போனால் ஒவ்வொரு வாக்கியத்திலும் நின்று யோசிக்க வேண்டும். தமிழில் நாம் இந்த வித்தியாசத்தை நாள் முழுக்கப் பேச்சில் காட்டிக்கொண்டேதான் இருக்கிறோம், கவனிப்பதில்லை, அவ்வளவுதான்.

ஸ்பானிஷ் சொற்களைக் காதில் விழுகிறபடி தமிழ் எழுத்தில் தருகிறேன். முடிந்தவரை அழுத்தம் விழும் இடத்தில் நெடில் போட்டிருக்கிறேன். இறந்தகாலத்தில் அழுத்தம் ரொம்ப முக்கியம்: ஆப்லோ என்று முதல் அசையில் அழுத்தினால் "நான் பேசுகிறேன்", கடைசி அசையில் அழுத்தினால் "அவர் பேசினார்".

பெயர்களை முதலில் முடித்துவிடுவோம். கொமீ என்பது இந்தெஃபினீதோ. கொமீயா என்பது இம்பெர்ஃபெக்தோ. எ கொமீதோ பெர்ஃபெக்தோ, அபீயா கொமீதோ ப்ளுஸ்குவாம்பெர்ஃபெக்தோ. மெக்சிகோ புத்தகம் கையில் இருந்தால் இம்பெர்ஃபெக்தோவுக்கு அங்கே கோப்ரெதேரிதோ என்று பெயர் போட்டிருப்பார்கள், பயப்பட வேண்டாம், இரண்டும் ஒன்றுதான். அந்தப் பெயரை வைத்தவர் கராகஸில் பிறந்து சிலி நாட்டில் வாழ்ந்த ஆந்த்ரெஸ் பெய்யோ, 1847-இல் வந்த தன் இலக்கண நூலில். இன்னொரு இறந்தகாலத்தோடு கூடவே வருவது என்று அர்த்தம், எனக்கென்னவோ இம்பெர்ஃபெக்தோவை விட இதுதான் விஷயத்தைச் சரியாகச் சொல்லும் பெயர்.

முதலில் இந்த இரண்டு

பாதிச் சண்டை இந்தெஃபினீதோவுக்கும் இம்பெர்ஃபெக்தோவுக்கும் நடுவில்தான். யாராவது கதை சொல்லும்போது நாம் இரண்டு விதமாகக் கேள்வி போடுவோம். "அப்புறம் என்ன ஆச்சு?" என்பது ஒன்று. "அப்போது எப்படி இருந்தது, யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?" என்பது இன்னொன்று. "அப்புறம்" என்ற கேள்விக்குப் பதிலாக வரும் வினை இந்தெஃபினீதோ, கதை ஒரு அடி முன்னே போகிறது. "அப்போது" என்ற கேள்விக்குப் பதிலாக வருவது இம்பெர்ஃபெக்தோ, கதை நகராமல் நிற்கிறது, நாம் சுற்றிலும் பார்க்கிறோம்.

இம்பெர்ஃபெக்தோவுக்குத் தமிழில் இரண்டு உருவம் உண்டு. ஒன்று "சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்", இது எல்லோருக்கும் உடனே தோன்றும். மற்றொன்றைப் பலர் கவனிப்பதே இல்லை: பழைய வழக்கத்தைச் சொல்ல நாம் எதிர்கால வடிவத்தை எடுப்போம். "அந்தக் காலத்தில் தாத்தா விடியற்காலையிலேயே எழுந்துவிடுவார், ஆற்றுக்குப் போவார், வந்ததும் பேப்பர் படிப்பார்." இந்த எழுந்துவிடுவார், போவார், படிப்பார் மூன்றையும் அப்படியே இம்பெர்ஃபெக்தோவில் போடலாம், கண்ணை மூடிக்கொண்டு. தெ நீஞோ கொமீயா அர்ரோஸ் தோதோஸ் லோஸ் தீயாஸ் என்றால் "சின்ன வயதில் தினமும் சோறுதான் சாப்பிடுவேன்". அயேர் கொமீ அர்ரோஸ் என்றால் "நேற்று சோறு சாப்பிட்டேன்". உங்கள் தமிழ் வாக்கியம் இறந்தகாலத்தைப் பற்றிப் பேசும்போதே "வேன், வார், பேன், பார்" என்று முடிந்தால் யோசனையே வேண்டாம்.

ஒரே வாக்கியத்தில் வித்தியாசத்தைப் பார்க்க வேண்டுமா? குவாந்தோ யெகே, ஆனா செ ஈபா: நான் வந்தபோது ஆனா கிளம்பிக்கொண்டிருந்தாள், வாசலில் பிடித்து நாலு வார்த்தை பேசலாம். குவாந்தோ யெகே, ஆனா செ ஃபுயே: நான் வந்தேன், வந்ததும் அவள் கிளம்பிவிட்டாள், நான் வந்ததுதான் காரணமோ என்றுகூடத் தோன்றும். குவாந்தோ யெகே, ஆனா செ அபீயா ஈதோ: நான் வந்தபோது அவள் ஏற்கெனவே போயிருந்தாள், முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. தமிழில் இந்த மூன்றையும் நீங்கள் குழப்புவீர்களா? மாட்டீர்கள். ஸ்பானிஷிலும் அதே பிரிவுதான்.

ஒரு கோலை வைத்துப் பார்ப்போம்

கால்பந்து பார்ப்பவர்களுக்கு 2010 ஜூலை 11 மறக்காது, ஜோகன்னஸ்பர்கில் நடந்த உலகக்கோப்பை இறுதி ஆட்டம், ஸ்பெயினும் நெதர்லாந்தும். இதை ஸ்பானிஷில் சொல்ல முயன்றால் எ கொமீதோவைத் தவிர எல்லாக் காலமும் வந்துவிடும், அதனால் மெதுவாகப் போவோம்.

ஏரா எல் ஓன்ஸே தெ ஹூலியோ, ஜூலை 11. தேதி கதையின் பின்னணி, இம்பெர்ஃபெக்தோ. ஏரா இம்பியேர்னோ, தென்னாப்பிரிக்காவில் அப்போது குளிர்காலம், அதுவும் அப்படியே. எல் பர்த்தீதோ ஈபா சேரோ ஆ சேரோ, ஆட்டம் பூஜ்யத்துக்குப் பூஜ்யம் என்று போய்க்கொண்டிருந்தது. ஒலாந்தா ஹுகாபா கொன் தியெஸ், ஒருவர் வெளியேற்றப்பட்டதால் நெதர்லாந்து பத்துப் பேரோடு ஆடிக்கொண்டிருந்தது. ஃபல்தாபான் குவாத்ரோ மினூத்தோஸ், கூடுதல் நேரம் முடிய இன்னும் நாலு நிமிஷம் இருந்தது. இவ்வளவு சொல்லியும் கதை ஒரு அங்குலம் நகரவில்லை பாருங்கள். எல்லாமே "அப்போது".

இப்போது "அப்புறம்" வருகிறது. செஸ்க் லெ பஸோ எல் பலோன், ஸ்பெயின் வீரர் செஸ்க் தன் அணியின் இனியெஸ்தாவுக்குப் பந்தைத் தள்ளினார். இனியெஸ்தா மர்க்கோ, இனியெஸ்தா கோல் அடித்தார், 116-வது நிமிஷம். செ கித்தோ லா கமிசேத்தா, சட்டையைக் கழற்றினார். தள்ளினார், அடித்தார், கழற்றினார்: ஒன்று முடிந்து ஒன்று, மூன்றும் இந்தெஃபினீதோ. உடனே கதை மறுபடி நிற்கிறது: தெபாஹோ யெபாபா ஓத்ரா, உள்ளே இன்னொரு பனியன் போட்டிருந்தார், அதில் தன் நண்பரான கால்பந்து வீரர் தானி ஹார்க்கேவுக்காக ஒரு வரி எழுதியிருந்தது. இந்த யெபாபா ஏன் இம்பெர்ஃபெக்தோ? ஏனென்றால் அந்தப் பனியனை அவர் கோலுக்கு அப்புறம் போடவில்லை, ஆட்டம் முழுக்க அது உடம்பில் இருந்தது, நம் கண்ணில் படுவதுதான் இப்போது. ஹார்க்கே அபீயா முயேர்த்தோ என் 2009, அதற்கு முந்தைய வருஷமே ஹார்க்கே இறந்துபோயிருந்தார். கதையின் நேரத்துக்கும் பின்னால் போகிறோம், அதனால் ப்ளுஸ்குவாம்பெர்ஃபெக்தோ. கடைசியில் எஸ்பாஞா கனோ, ஸ்பெயின் ஜெயித்தது. அதுவரை நூங்கா அபீயா கனாதோ, அந்த அணி உலகக்கோப்பையை ஜெயித்ததே இல்லை.

இங்கே மர்க்கோவுக்குப் பதில் மர்க்காபா என்று போட்டால் என்ன ஆகும்? "இனியெஸ்தா கோல் அடித்துக்கொண்டிருந்தார்" அல்லது "கோல் அடிப்பார், அது அவர் வழக்கம்" என்று ஆகிவிடும். ஸ்பெயின் நாட்டு விளையாட்டுச் செய்திகளில் சில சமயம் முடிந்த கோலுக்கே மர்க்காபா போட்டிருப்பார்கள், அது பத்திரிகை நடை. படித்தால் புரிந்துகொள்ளுங்கள், எழுத வேண்டாம்.

தேதியைச் சொன்னேன், கடிகார நேரமும் வயதும் அதே கட்சி. மெக்சிகோ நகரில் 1985 செப்டம்பர் 19 பூகம்பத்தைச் சொல்லும்போது ஏரான் லாஸ் சியேதே இ தியெசிநுயேபே, காலை மணி 7:19, இம்பெர்ஃபெக்தோ. தெம்ப்ளோ, நிலம் அதிர்ந்தது, இந்தெஃபினீதோ. 1975-இல் ஃப்ராங்கோ முரியோ, ஸ்பெயினின் சர்வாதிகாரி ஃப்ராங்கோ இறந்தார். அப்போது ஹுவான் கார்லோஸ் தெனீயா 37 ஆஞோஸ், அடுத்து அரசரான ஹுவான் கார்லோஸுக்கு வயது 37. வயது நிறைந்த நாளைச் சொன்னால் மட்டும் கும்ப்ளியோ என்று இந்தெஃபினீதோவுக்கு வந்துவிடும், அது அன்றைக்கு நடந்த ஒரு நிகழ்ச்சி.

தமிழ் நம்மை ஏமாற்றும் இடம்

இவ்வளவு நேரம் தமிழைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன், ஆனால் ஒரு இடத்தில் அதே தமிழ் காலை வாரும், அதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். "ராத்திரி முழுக்க மழை பெய்துகொண்டே இருந்தது." கொண்டே இருந்தது என்று வருகிறதே, இம்பெர்ஃபெக்தோ போடலாம் என்று கை போகும். கூடாது. யோபியோ தோதா லா நோச்சே, இந்தெஃபினீதோ. ராத்திரி முழுக்க என்று ஆரம்பமும் முடிவும் சொல்லியாயிற்று, வேலி போட்டாயிற்று. எவ்வளவு நேரம் என்று அளந்து சொல்லிவிட்டால் ஸ்பானிஷ் அதை முழுசாக ஒரே நிகழ்ச்சியாகப் பார்க்கும், அது ஒரு நிமிஷமானாலும் சரி, நூறு வருஷமானாலும் சரி. "நீண்ட நாள் நடந்தது, அதனால் இம்பெர்ஃபெக்தோ" என்று யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால் இன்றோடு மறந்துவிடுங்கள், தவறுகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது. த்ரபஹே தியெஸ் ஆஞோஸ் என் மத்ரித், மத்ரித்தில் பத்து வருஷம் வேலை பார்த்தேன், இந்தெஃபினீதோதான். படித்துக்கொண்டே இருந்தேன் என்று அழுத்திச் சொல்ல ஆசையாக இருந்தால் எஸ்தூபே எஸ்துதியாந்தோ தோதா லா தார்தே, மதியம் முழுக்கப் படித்துக்கொண்டிருந்தேன், என்று எஸ்தூபேயைப் போட்டுச் சொல்லலாம், எஸ்தாபாவை அல்ல.

ஆனால் "பத்து வருஷம்" வேறு, "பத்து வருஷமாக" வேறு. "பத்து வருஷமாக மத்ரித்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன், அப்போதுதான் அந்தக் கடிதம் வந்தது." இந்த "ஆக" சேர்ந்ததும் வேலி திறந்துவிடுகிறது, வேலை இன்னும் முடியவில்லை, நடுவில் நிற்கிறோம். யெபாபா தியெஸ் ஆஞோஸ் த்ரபஹாந்தோ என்று இம்பெர்ஃபெக்தோ. நம் மொழியில் ஒரு சின்ன விகுதி இந்த வேலையைச் சுலபமாகச் செய்கிறது, இதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

காலத்தைக் காட்டும் சொற்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வார்கள், அயேர் வந்தால் இது, சியெம்ப்ரே வந்தால் அது என்று. ஆரம்பத்தில் பரவாயில்லை, ரொம்ப நாள் நம்பக் கூடாது. "தினமும்" வந்தாலே இம்பெர்ஃபெக்தோ என்பார்கள். என் எஸே பியாஹே கொமீ அர்ரோஸ் தோதோஸ் லோஸ் தீயாஸ், அந்தப் பயணத்தில் தினமும் சோறுதான் சாப்பிட்டேன், என்பது சுத்தமான ஸ்பானிஷ். பயணம் முடிந்த கதை, அதன் வேலிக்குள் இருக்கும் தினமும் இது. அயேர் வந்தாலும் அப்படித்தான், அயேர் எஸ்தாபா கன்சாதோ, நேற்று களைப்பாக இருந்தேன், இம்பெர்ஃபெக்தோ. சொல்லைப் பார்க்காதீர்கள், வேலி இருக்கிறதா என்று பாருங்கள்.

வடிவம் மாறினால் அர்த்தம் மாறும் வினைகள்

இதைப் புத்தகங்கள் விதிவிலக்கு என்று கடைசிப் பக்கத்தில் தள்ளிவிடும். எனக்கு இதுதான் இந்தப் பாடத்திலேயே பிடித்த பகுதி. தமிழ் தெரிந்தவருக்கு இது விதிவிலக்கே இல்லை.

சபீயா என்றால் "எனக்கு அப்போதே தெரியும்". சூப்பே என்றால் "அப்போதுதான் தெரிந்தது", தெரிய வந்தது. முதலாவது மனதில் இருந்த நிலை, இரண்டாவது தெரிந்துகொண்ட அந்த நிமிஷம். கொனோசீயா என்றால் அவரை முன்பே பழக்கம், கொனோசீ என்றால் அன்றைக்குத்தான் முதன்முதலில் அறிமுகமானோம். இன்னும் அழகானது தெனீயா கே ஈர், தூபே கே ஈர் என்ற ஜோடி. தெனீயா கே ஈர்: "போக வேண்டியிருந்தது". போனாரா இல்லையா என்று தெரியாது, போகாமலும் இருந்திருக்கலாம். தூபே கே ஈர்: "போக வேண்டியதாயிற்று". போய்விட்டார், வேறு வழியில்லை. வேண்டியிருந்தது, வேண்டியதாயிற்று என்று நாம் இதே கோட்டை இதே இடத்தில் போடுகிறோம்!

கெரீயா ஈர் என்றால் போக ஆசை இருந்தது. நோ கிஸே ஈர் என்றால் வெறும் ஆசையில்லாமல் போனதல்ல, மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பொதீயா அப்ரீர் லா புயேர்த்தா என்றால் கதவைத் திறக்க முடிகிற நிலை, திறந்தேனா என்பது வேறு விஷயம். பூதே அப்ரீர் லா புயேர்த்தா என்றால் எப்படியோ திறந்துவிட்டேன். அபீயா மூச்சா ஹேந்தே, நிறைய ஜனம் இருந்தார்கள். ஊபோ உன் அக்சிதேந்தே, ஒரு விபத்து நடந்தது. கடைக்காரரிடம் கெரீயா உன் கஃபே என்று கேட்பதைப் பார்த்து ஏன் இறந்தகாலம் என்று குழம்ப வேண்டாம், அது மரியாதைக்காக இம்பெர்ஃபெக்தோ. குழந்தைகள் விளையாடும்போது "நான்தான் டாக்டராம், நீதான் நோயாளியாம்" என்பதற்கும் அங்கே யோ ஏரா எல் மேதிகோ என்று இம்பெர்ஃபெக்தோதான் வரும், நாம் "ஆம்" போடுகிற இடம்.

ஏரா, ஃபுயே இரண்டில்தான் தமிழ் கைகொடுக்காது, இரண்டுக்கும் நம்மிடம் "இருந்தது" ஒன்றே ஒன்று. இதற்கு ஒரு வழி: நீங்கள் சொல்லும் பொருளை "நடந்தது" என்று சொல்ல முடியுமா பாருங்கள். விருந்து நடக்கும், ஆட்டம் நடக்கும், தேர்வு நடக்கும். முடிந்த பிறகு அதை மொத்தமாக மதிப்பிட்டால் ஃபுயே: எல் பர்த்தீதோ ஃபுயே திஃபீசில், ஆட்டம் கஷ்டமாக இருந்தது. வீடு நடக்காது, மனிதரின் குணம் நடக்காது: லா காசா ஏரா க்ராந்தே, வீடு பெரியதாக இருந்தது. எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது, பெரும்பாலான இடங்களுக்குப் போதும். "போனார்" என்பதற்கும் இதே ஃபுயேதான் என்பதை நினைவில் வையுங்கள், எது என்று சுற்றியிருக்கும் சொற்கள் காட்டிக்கொடுக்கும்.

எ கொமீதோ: யாரோடு பேசுகிறீர்கள்?

பெர்ஃபெக்தோவுக்கு இலக்கணத்தை விட ஊர் முக்கியம். மத்ரித் பக்கம் இன்றைக்கு, இந்த வாரம், இந்த வருஷம் என்று இன்னும் முடியாத காலத்துக்குள் நடந்ததை எ கொமீதோ என்பார்கள்; இன்று காலை சாப்பிட்டதும் அதில்தான், நேற்று சாப்பிட்டது கொமீ. மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் காலையில் சாப்பிட்டதற்கும் கொமீ என்றே சொல்வார்கள். ஸ்பெயினுக்குள்ளேயே கலீசியா, அஸ்தூரியாஸ், கனேரி தீவுகளில் கொமீ பக்கம்தான் சாய்வு. "மத்ரித் போயிருக்கிறேன்" என்று வாழ்க்கை அனுபவமாகச் சொல்லும் "இருக்கிறேன்" வாக்கியத்துக்கு எ எஸ்தாதோ என் மத்ரித் என்று பெர்ஃபெக்தோவை எடுங்கள், இது பல ஊர்களில் செல்லும். சந்தேகம் வந்தால் கொமீயைச் சொல்லிவிடுங்கள், மத்ரித்காரருக்குக் கொஞ்சம் வெளியூர் வாடை அடிக்கும், ஆனால் புரியாமல் போகாது. ஸ்பெயினில் தேர்வு எழுதப் போகிறவர்கள் மட்டும் எ கொமீதோவைக் கவனமாகப் பழகுங்கள்.

ப்ளுஸ்குவாம்பெர்ஃபெக்தோவில் பேச ஒன்றும் இல்லை. தமிழில் "போயிருந்தார், சாப்பிட்டிருந்தேன்" என்று, கதை நடக்கும் நேரத்துக்கு முன்பே முடிந்ததாக வந்தால் அபீயா.

பழகும் முறை

வடிவங்களில் இம்பெர்ஃபெக்தோ ஒரு மத்தியானத்து வேலை, ஒழுங்கில்லாதவை மூன்றே மூன்று: ஏரா, ஈபா, பேயீயா. உழைப்பு முழுவதையும் இந்தெஃபினீதோவில் கொட்டுங்கள், முதலில் ஃபுயி, தூபே, எஸ்தூபே, ஈஸே, தீஹே, பூதே, பூஸே, சூப்பே, கிஸே, பீனே, த்ராஹே, தீ. பேச்சில் அடிக்கடி வருபவை இவை.

அப்புறம் எழுதிப் பாருங்கள். நேற்று நடந்த ஏதாவது ஒன்றைத் தமிழில் பத்து வாக்கியம், பேசுகிற மாதிரியே எழுதுங்கள், பேருந்து வரவில்லை, மழை தூறிக்கொண்டிருந்தது, ஒருவர் குடை நீட்டினார், எதுவானாலும் சரி. ஒவ்வொரு வினையின் மேலும் பென்சிலில் "அப்புறம்" அல்லது "அப்போது" என்று குறியுங்கள். நேர அளவு வந்த இடங்களை வட்டம் போட்டு, வேலி இருக்கிறதா என்று இன்னொரு தடவை பாருங்கள். அதன் பிறகுதான் ஸ்பானிஷுக்குப் போக வேண்டும். எழுதி முடித்ததும் இந்தெஃபினீதோ வினைகளை மட்டும் வரிசையாகச் சத்தமாக வாசியுங்கள். அதிலேயே கதை புரிந்தால் சரியாகப் பிரித்திருக்கிறீர்கள். நடுவில் ஒரு படி காணாமல் போயிருந்தால் அந்த வினை இம்பெர்ஃபெக்தோவுக்குள் தப்பிப்போய் உட்கார்ந்திருக்கும், போய்த் தேடுங்கள்.